முப்பதுக்கு ஏழு

எந்தப் பொருளையும் கெடுக்கவேண்டும் என்று நினைத்து நான் கெடுத்ததில்லை. கெடுத்ததெல்லாம் நன்றாக இருக்கவேண்டும் என்று நினைத்துக் கெடுத்தவைதான். கவனிக்காமல் விட்ட பொருள் பாழாக வருஷக்கணக்கில் ஆகும். ஈரம், தூசு, பூச்சி எல்லாம் கூட்டுச் சேர்ந்து உழைக்கவேண்டும். அக்கறையுள்ள ஆள் ஒருவன் கையில் கிடைத்தால் ஒரு மதியம் போதும். என் மாமனார் வீட்டுப் படத்துக்கு அப்படி ஒரு மதியம் வாய்த்தது.

அப்போது எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். தேனிப் பக்கத்திலிருந்து மென்பொருள் வேலைக்காகச் சென்னைக்கு வந்தவன் நான். மேனாம்பேட்டில் ஒரு வாடகை ஃப்ளாட்டில் நானும் நித்யாவும் குடியிருந்தோம். அவளுடைய அப்பா வீடு கள்ளிக்குப்பத்தில், பைக்கில் பத்து நிமிஷம். (பத்து நிமிஷத்தில் மாமனார் வீடு இருப்பது வரமா சாபமா என்பதைப் பற்றி இன்னொரு கட்டுரை எழுதலாம். நித்யா படிக்கமாட்டாள் என்று உறுதியானால் எழுதுகிறேன்.)

மாமனார் பெயர் கோதண்டம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் லேத் ஓட்டி ஓய்வுபெற்றவர். என்மேல் அவருக்கு அபார மரியாதை. தெருவில் யாரைப் பார்த்தாலும் நிறுத்தி, "நம்ப மாப்ள இன்ஜினியரு" என்று அறிமுகப்படுத்துவார். மிக்ஸி ரிப்பேரானால் எனக்குத்தான் போன் வரும். நான் செய்வதெல்லாம் அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்பு கண்டுபிடிப்பது மட்டுமே என்று பலமுறை விளக்கிப் பார்த்தேன். "அதான் மாப்ள, தப்பு கண்டுபுடிக்கிறவன்தான் பெரிய ஆளு" என்று முடித்துவிடுவார்.

அவர் வீட்டு ஹாலில், டிவிக்கு மேலே ஒரு படம் மாட்டியிருந்தது. கறுப்பு வெள்ளை. ஓர் ஏரி, கரையில் நாலு பனை, தண்ணீரில் பனைகளின் நிழல், தூரத்தில் கோடு போல ஒரு ரயில். அம்பத்தூர் ஏரி ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்ததாம். செய்தவர் பெயர் சிகாமணி. ஓவியக் கல்லூரியில் படித்த காலத்தில் மாமனார் வீட்டு மாடி அறையில் குடியிருந்தவர். அறையைக் காலி செய்த அன்று மாமனார் கையில் இந்தப் படத்தைக் கொடுத்துவிட்டு வடக்கே போனவர், அங்கேயே பெரிய கலைஞராகிவிட்டார். எவ்வளவு பெரியவர் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அதை டிவிக்கு மேலே மாட்டியிருக்கமாட்டார்கள், என்னிடம் கொடுத்திருக்கவும் மாட்டார்கள்.

ஒரு நாள் திலகா என்ற அம்மையாரிடமிருந்து போன் வந்தது. சிகாமணியின் படங்களையெல்லாம் தேடிச் சேர்த்து நகரத்தில் ஒரு பெரிய கண்காட்சி வைக்கப்போகிறார்களாம். பழைய படங்களை மதிப்பிட்டு, எது எந்த நிலையில் இருக்கிறது என்று குறித்துக்கொள்வது இவருடைய வேலை. கள்ளிக்குப்பத்தில் ஒரு படம் இருக்கிறது என்று சிகாமணியே சொல்லி அனுப்பியிருக்கிறார். நித்யா படத்தை போனில் எடுத்து அனுப்பினாள். ஒரே நிமிஷத்தில் பதில் வந்தது: "மிக முக்கியமான படம். ஞாயிறு காலை நேரில் வருகிறேன். அதுவரை பத்திரமாகப் பாதுகாக்கவும்."

மாமனாருக்குக் கால் தரையில் பாவவில்லை. கண்காட்சியில் படத்துக்குக் கீழே, யார் வீட்டிலிருந்து வந்தது என்று பெயர் போடுவார்களாம். முப்பது வருஷம் இரும்பு கடைந்தவருடைய பெயர் முதல்முறையாக ஓர் இடத்தில் அச்சாகப்போகிறது. சனிக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, படத்து கண்ணாடி விரிசல் உட்டு கீது. அந்த மேடம் வர்றதுக்குள்ள கண்ணாடிய மட்டும் மாத்திகினு வந்துடுங்க. கண்ணாடி மட்டும்."

"நான் பாத்துக்கிறேன் மாமா. கவலையே படாதீங்க."

அவர் இரண்டு தடவை சொன்ன "மட்டும்" என் காதில் ஒரு தடவைகூட விழவில்லை. "பாதுகாக்கவும்" என்பதுதான் ரீங்காரமிட்டுக்கொண்டிருந்தது.

நித்யா, வரப்போகும் விருந்தாளிக்காக அம்மா வீட்டைச் சுத்தம் செய்யப் போய்விட்டாள். ஃப்ளாட்டில் நானும் படமும் தனியாக. சட்டத்தைப் பிரித்து, படத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். நல்ல கனமான காகிதம், படத்தைச் சுற்றி நாலு பக்கமும் அகலமாக வெள்ளை ஓரம். அழுக்குக் கண்ணாடி வழியாக இத்தனை நாள் சரியாகத் தெரியாத ஒன்று இப்போது தெரிந்தது. கீழ் ஓரத்தில், இடது மூலையில், பென்சிலால் 7/30 என்று எழுதியிருந்தது. நடுவில் "ஏரி". வலது மூலையில் ஒரு கையெழுத்து.

முப்பதுக்கு ஏழு!

இவ்வளவு அழகான படத்துக்கு ஏழு மார்க் போட்ட அந்த வாத்தியார் யார்? கல்லூரியில் போட்டிருப்பார்கள். ஏழு மார்க் வாங்கினால் வீட்டில் காட்டிக் கையெழுத்து வாங்கிவா என்பார்கள், அதுதான் வலது மூலையில் இருக்கும் கையெழுத்து. (என் பள்ளிக்கூட விடைத்தாள்கள் பெரும்பாலும் இந்த அமைப்பில்தான் இருக்கும். ஆகவே எனக்குச் சந்தேகமே வரவில்லை.) நாளைக்கு அந்த அம்மையார் வந்து பார்த்தால் சிகாமணி மானம் என்ன ஆவது? ஃபெயிலான படத்தை ஹாலில் மாட்டிவைத்திருக்கும் என் மாமனார் மானம் என்ன ஆவது?

கீழே போய் ஒரு புது ரப்பர் வாங்கிவந்தேன். ஸ்ட்ராபெரி வாசனை வந்தது. மெதுவாக, ஒரு குழந்தையின் முகம் துடைப்பதுபோல, முதலில் மார்க்கை அழித்தேன். பிறகு கையெழுத்தை. "ஏரி" மட்டும் நடுவில் அநாதையாக நிற்கவே அதையும் அழித்தேன். காகிதத்தில் இருந்த பழுப்புப் புள்ளிகளை மறைக்க ஒயிட்னரையும் எடுத்தேன். நல்லவேளை, அது காய்ந்துபோயிருந்தது. அந்த ஒயிட்னர் கம்பெனிக்கு நான் இன்றும் கடமைப்பட்டவன்.

அடுத்தது பாதுகாப்பு. எங்கள் தெரு முனையில் பாபு என்பவர் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். படத்தைப் பார்த்தவுடன் அவர், "இன்னா சார், சாமி படமா?" என்றார்.

"இல்லைங்க. ரொம்ப முக்கியமான படம். நூறு வருஷம் கெடாம இருக்கணும்."

"நூறு இன்னா சார் நூறு? ஹாட் லேமினேஷன் போட்டுட்டா நம்ப செத்தாலும் அது சாவாது." அளந்து பார்த்தார். "ஆனா மிஷினுக்கு அகலம் ஜாஸ்தியா கீது. ஓரம் சும்மா வெள்ளையாதானே கீது? தட்டிடலாமா?"

பார்த்தேன். உண்மைதான், சும்மா வெள்ளையாகத்தான் இருந்தது. வெள்ளையாக்கியவனே நான்தானே!

"தட்டிடுங்க" என்றேன்.

நாலு பக்கமும் சரக் சரக்கென்று வெட்டினார். மெஷின் படத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. மறுபக்கம் சுடச்சுட, பளபளவென்று வந்தது. ஏரியில் புதுத்தண்ணீர் பாய்ந்ததுபோல ஒரு மினுமினுப்பு. எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது. சட்டத்தில் பொருத்திப் புதுக் கண்ணாடி போட்டு, செய்தித்தாள் சுற்றிக் கயிறு கட்டினேன். மாமனாரிடம்கூடக் காட்டவில்லை. நாளைக்கு அந்த அம்மையார் முன்னால் பிரித்து எல்லோரையும் ஒரே நேரத்தில் அசத்தவேண்டும் என்று திட்டம். அசத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை திலகா மேடம் வந்தார். ஐம்பது வயதிருக்கும், கைத்தறிப் புடவை. பையிலிருந்து பூதக்கண்ணாடி, சின்ன டார்ச், வெள்ளைப் பருத்திக் கையுறை என்று ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் அடுக்கினார். அத்தை போண்டாவும் கேசரியும் கொண்டுவந்து வைத்தார். நான் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை மிடுக்கில் உட்கார்ந்திருந்தேன்.

"இது கையால வரைஞ்ச ஓவியம் இல்லைங்க" என்று மேடம் ஆரம்பித்தார். "செப்புத் தகட்டுல கோடு கோடாக் கீறி, மை தடவி, ஒவ்வொண்ணா அழுத்தி எடுக்கிற அச்சு. இதுல மொத்தமே முப்பதுதான் எடுத்தாரு. இதுவரைக்கும் மூணுதான் கிடைச்சிருக்கு. இது நாலாவது."

"முப்பதுதானா?" என்றாள் நித்யா.

"முப்பதுதான். அதனாலதான் ஒவ்வொண்ணுலயும் தன் கையாலயே நம்பர் போடுவாரு. உங்க படத்துல 7/30ன்னு இருக்கு பாருங்க, முப்பதுல இது ஏழாவது பிரதின்னு அர்த்தம். பக்கத்துல கையெழுத்து. நம்பரும் கையெழுத்தும் இருந்தாத்தான் அது அவரோட படம். இல்லைன்னா வெறும் காகிதம். மத்த மூணுலயும் தலைப்பு கிடையாது. இதுல மட்டும்தான் 'ஏரி'ன்னு அவரே எழுதியிருக்காரு. நீங்க அனுப்பின போட்டோவைப் பெருசு பண்ணிப் பார்த்துட்டு ராத்திரியெல்லாம் தூங்கலைங்க நான்."

மடியிலிருந்த பொட்டலம் அம்மிக்கல்லாகக் கனத்தது.

"பாக்கலாமா?" என்று மேடம் கையுறையை மாட்டினார்.

"மேடம், போண்டா சாப்பிடுங்க" என்றேன்.

"பாத்துட்டுச் சாப்பிடறேன்."

"ஆறிடும் மேடம். கேசரியாவது..."

"இன்னா மாப்ள, போண்டா எங்க பூடப்போவுது? பிரிங்க" என்றார் மாமனார்.

கயிறு அவிழவில்லை. மாமனாரே வாங்கிப் பிரித்தார். செய்தித்தாள் விலகியது. ஜன்னல் வெளிச்சம் பட்டு ஏரி கண்ணைக் கூசவைத்தது.

மேடம் படத்தைத் திருப்பி, சட்டத்தின் பின்பக்க அட்டையை நீக்கி, விரல் நகத்தால் ஒரு தட்டுத் தட்டினார். 'டக்' என்று பிளாஸ்டிக் சத்தம் வந்தது. அவர் கையுறைகளை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வரும் டாக்டர் அப்படித்தான் கழற்றுவார்.

"யார் லேமினேட் பண்ணினது?"

"நான்தான் மேடம். பாதுகாக்கச் சொன்னீங்களேன்னு..."

"சூட்டுல பண்ணினதா?"

"ஆமா. நூறு வருஷம் வரும்னாரு."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "நம்பர் எங்க?"

"அழிச்சுட்டேன்."

"கையெழுத்து?"

"அதையும்."

"ஏன்?" என்றார். குரலில் கோபமே இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினார். மனித மனத்தின் ஆழத்தைப் பற்றிய ஒரு கேள்வியாக அது இருந்தது.

"முப்பதுக்கு ஏழு மார்க்னு நெனச்சேன் மேடம். ஃபெயில்மார்க் தெரியவேண்டாமேன்னு..."

அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. நித்யா என்னைப் பார்த்த பார்வையில், இந்த எட்டு மாதத்தை எப்படித் திரும்ப வாங்கலாம் என்ற கணக்கு ஓடியது. மாமனார் முகத்தை மட்டும் நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

திடீரென்று மேடம் நிமிர்ந்தார். "இருங்க. பென்சிலை அழிச்சாலும் அழுத்தின தடம் காகிதத்துல இருக்கும். டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சா தெரியும். ஓரத்தைப் பாப்போம்." டார்ச்சை எடுத்தவர் படத்தின் விளிம்பில் தேடினார். மேலே தேடினார். கீழே தேடினார். "ஓரம் எங்க?"

"வெட்டியாச்சு மேடம்."

அத்தையிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார் மேடம். "வெட்டின துண்டு?"

நான் ஏற்கெனவே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

கள்ளிக்குப்பத்திலிருந்து மேனாம்பேட்டுக்கு அன்று நான் வந்த வேகத்தில் அதற்குப் பிறகு யாரும் வந்திருக்கமாட்டார்கள். ஞாயிறு என்றாலும் பாபு கடை திறந்திருந்தது. ஆனால் கடை வாசலைப் பார்த்தவுடன் பைக்கை நிறுத்தக்கூட மறந்துபோனேன். கண்ணாடிக் கதவில் ஒரு நீளமான வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது. கனமான, அருமையான, பழுப்புப் புள்ளி விழுந்த காகிதம். அதில் தடித்த கறுப்பு மார்க்கரில் எழுதியிருந்தது: "ஜெராக்ஸ் மிஷின் ரிப்பேர்."

"அண்ணே! இது நேத்து என் படத்துல வெட்டின துண்டா?"

"ஆமா சார். நல்ல கெட்டிப் பேப்பரு, தூக்கிப் போட மனசு வர்ல."

"மத்த மூணு பக்கம்?"

"குப்பை வண்டில பூட்ச்சி சார். இன்னா ஆச்சு, மூஞ்சி ஒரு மாரி கீதே?"

நான் பதில் சொல்லாமல் அதை உரிக்க ஆரம்பித்தேன். பசை போட்டு ஒட்டியிருந்தார். நகம் கிழியக் கிழிய, மில்லிமீட்டர் மில்லிமீட்டராக உரித்தேன். பின்னாலிருந்து பாபு, "சார், போர்டை எட்த்துகினு பூட்டீங்கன்னா, மிஷின் ரிப்பேருன்னு வர்றவன்கிட்ட எல்லாம் நானாவா சொல்லிகினு இருப்பேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நியாயமான கேள்வி. அன்று உலகத்தில் நியாயமாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

துண்டைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன். மேடம் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடியில் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "ஜெ" எழுத்தின் கொம்புக்கு அடியில் மங்கலாக ஒரு ஏழு. "ரிப்பேர்" முடியும் இடத்தில் கையெழுத்தின் வால்.

"இன்னொண்ணு அடிச்சிக்க முடியாதாம்மா?" என்று மாமனார் அப்போதுதான் வாயைத் திறந்தார். "அவன்கிட்ட நான் கேக்கறேன். எனக்கோசரம் அடிப்பான்."

"முடியாதுங்க ஐயா. முப்பது முடிஞ்சதும் தகட்டுக்குக் குறுக்க கோடு கீறிடுவாங்க. அப்புறம் அவரே நெனச்சாலும் எடுக்க முடியாது."

"இந்தப் பிளாஸ்டிக்க உரிச்சிட்டு?"

"சூட்டுல பசை காகிதத்துக்குள்ளயே இறங்கிடுச்சு. உரிச்சா ஏரியும் சேர்ந்து வந்துடும்."

மதிப்பீட்டுத் தாளில் மேடம் என்னவோ எழுதினார். என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. முப்பதுக்கு எத்தனை போட்டிருந்தாலும் ஏழைவிடக் குறைவாகத்தான் இருந்திருக்கும். படம் கண்காட்சிக்கு வர முடியாது என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார். போண்டாவைத் தொடவில்லை.

நான் மொட்டைமாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். தேனிக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று போனில் பார்த்ததாக ஞாபகம். கொஞ்ச நேரத்தில் மாமனார் ஏறிவந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

அவர் படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ள. கீழ யார் கைலயும் சொல்லிடாதீங்க. நானும் அத மார்க்குன்னுதான் நெனச்சிகினு இருந்தேன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"இத்தினி வருசமா. காலேஜ்ல ஏழு மார்க் போட்டுட்டானுங்க போல, பாவம், அதான் நம்ப கைல குட்துட்டு போறான்னு நெனச்சேன். உள்ள வச்சிட்டா அவன் மனசு நோவுமேன்னுதான் ஹால்ல மாட்னேன். வர்றவன் போறவன் கைல எல்லாம் 'சூப்பரா போட்டு கீறான் பாரு'ன்னு சொல்லுவேன். பாஸான படம்னா யார் வேணா மாட்டுவான் மாப்ள."

அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"ஆனா நான் ரப்பர் வச்சி அய்க்கலையே மாப்ள" என்றார். என் தோளில் கையை வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

ஒரு வாரம் கழித்து மேடம் போன் செய்தார். காகிதப் படங்களை எப்படிப் பாதுகாப்பது என்று விளக்க, கண்காட்சி வாசலருகே ஒரு மேஜை போடுகிறார்களாம். அதில் எங்கள் படத்தையும் துண்டையும் வைக்க அனுமதி வேண்டும். மாமனார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். போட்டபடியே நடந்தது. போய்ப் பார்த்தோம். உள்ளே சுவரில் மாட்டிய படங்களைவிட அந்த மேஜையைச் சுற்றித்தான் கூட்டம். அட்டையில் அழகாக அச்சடித்திருந்தார்கள்: "செய்யக்கூடாதவை. உதவி: கோதண்டம், கள்ளிக்குப்பம்." மாமனார் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். வந்தவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "நம்ப மாப்ளதான் பண்ணாரு, இன்ஜினியரு" என்றார்.

சிகாமணியும் வந்திருந்தார். நரைத்த தாடியோடு மேஜை முன்னால் ரொம்ப நேரம் நின்றார். துண்டை எடுத்து, "ஜெராக்ஸ் மிஷின் ரிப்பேர்" என்று வாய்விட்டுப் படித்தார். திரும்பி மாமனாரைப் பார்த்தார். இரண்டு கிழவர்களும் கட்டிக்கொண்டு குலுங்கினார்கள். அழுகையா சிரிப்பா என்று இந்த முறையும் எனக்குத் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலையிலும் நான் இல்லை.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து எங்களுக்குப் பெண் பிறந்தாள். நர்ஸ் கொண்டுவந்த குழந்தையை மாமனார்தான் முதலில் வாங்கினார். பார்த்துப் பார்த்துப் பூரித்துவிட்டு, என்னிடம் நீட்டினார். நான் கையை நீட்டியதும் பாதியில் நிறுத்தினார்.

"மாப்ள, புள்ள நல்லாத்தான் கீது. அப்டியே இருக்கட்டும். நீங்க ஒண்ணியும் பண்ண வாணாம்."

நர்ஸ் உட்பட அறையே சிரித்தது. தையல் வலிக்கிறது, சிரிக்கவைக்காதீர்கள் என்று கெஞ்சிக்கொண்டே நித்யாவும் சிரித்தாள். அன்றிலிருந்து குழந்தையைக் குளிப்பாட்ட, சோறூட்ட, சட்டை மாட்ட என்று நான் எழுந்தாலே போதும், வீட்டில் யாராவது ஒருவர் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிடுவார்கள்.

இப்போது அவளுக்கு நாலு வயது. போன வாரம் தலை வாரிவிடலாமென்று சீப்பை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். அவள் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு, அப்படியே தாத்தா குரலில் சொன்னாள்:

"அப்பா, நல்லாத்தான் கீது. நீ ஒண்ணியும் பண்ண வாணாம்."